போர்ப் படங்களைப் பார்த்து அரசுகள் கொள்கையை மாற்றியிருக்கின்றனவா?

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அரசு தன் பாதுகாப்புக் கொள்கையை மாற்றிக்கொண்டது என்று சொல்லப்படுவதெல்லாம் உண்மையா, அல்லது படத்தின் பெருமைக்காகப் பிற்பாடு கட்டிவிட்ட கதைகளா என்பதுதான் கேள்வி. ஆவணச் சான்றோடு நிற்கும் நிகழ்வுகள் சில உண்டு, ஆனால் அவை மிகச் சிலவே. அவற்றிலும் படம் மட்டும் தனியாக எதையும் சாதித்துவிடவில்லை. துறை சார்ந்த வல்லுநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தும் மேலிடம் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு கவலையை, முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவரின் மனத்தில் ஒரே மாலைப்பொழுதில் பதித்தது என்பதே அவற்றில் படத்தின் பங்கு. இந்த ஆவணப்பட்ட நிகழ்வுகளைவிட, பொதுமக்களின் நம்பிக்கை வழியாகவும், இராணுவமே படங்களுக்குக் கருவிகளை இரவல் கொடுக்கும் ஏற்பாட்டின் வழியாகவும் நிகழும் செல்வாக்கு பெரியது என்பது என் கருத்து. அதை அளந்து காட்டுவது கடினம் என்பதால் அது குறைவாகப் பேசப்படுகிறது.

மிகத் தெளிவான சான்றிலிருந்து தொடங்கலாம். 1983 ஜூன் தொடக்கத்தில் ‘வார் கேம்ஸ்’ என்ற அமெரிக்கப் படம் வெளியானது. பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசி இணைப்பின் வழியாக, வட அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளையகத்தின் கணினிக்குள் தன்னை அறியாமலேயே நுழைந்துவிடுகிறான். விளையாட்டு என்று நினைத்து அவன் தொடங்கும் ஒன்று உலகை அணு ஆயுதப் போரின் விளிம்புவரை கொண்டுபோகிறது. படம் திரைக்கு வந்த மறுநாளே, ஜூன் 4ஆம் தேதி, அதிபர் ரொனால்டு ரீகன் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் அதைப் பார்த்தார். அடுத்த வாரம் வெள்ளை மாளிகையில், புதிய ஏவுகணை ஒன்றையும் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுவார்த்தையையும் பற்றி விவாதிக்க அமைச்சர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் கூடியிருந்தனர். பேச்சின் நடுவே ரீகன் தம் குறிப்பட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் படத்தை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். எவரும் பார்த்திருக்கவில்லை. உடனே அவர் கதையை விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். நடிகராக இருந்து அதிபரானவர் கூட்டத்தில் திரைக்கதை சொல்கிறாரே என்று சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். கதையை முடித்துவிட்டு அவர் கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவின் தலைவர் ஜெனரல் ஜான் வெஸ்ஸியின் பக்கம் திரும்பி, இப்படி உண்மையிலேயே நடக்க முடியுமா என்று வினவினார். விசாரித்துச் சொல்வதாகக் கூறிச் சென்ற வெஸ்ஸி ஒரு வாரம் கழித்துத் திரும்பிவந்து, நீங்கள் நினைப்பதைவிட நிலைமை மிக மோசமாக இருக்கிறது என்றார்.

அதன் பிறகு துறைகளுக்கிடையே கடிதங்களும் ஆய்வுகளும் கூட்டங்களும் தொடர்ந்தன. ஏறத்தாழ பதினைந்து மாதங்களுக்குப் பின், 1984 செப்டம்பர் 17 அன்று, தேசியப் பாதுகாப்பு முடிவு ஆணை 145 ரீகனின் கையொப்பத்தோடு வெளிவந்தது. அரசின் கணினிகளையும் தொலைத்தொடர்பையும் ஊடுருவலிலிருந்து காப்பது பற்றிய அமெரிக்காவின் முதல் விரிவான கொள்கை ஆவணம் அதுவே.

இந்நிகழ்வைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு முந்தைய பகுதிதான் கேள்விக்கு உண்மையில் விடை தருகிறது. திரைக்கதையை எழுதிய லாரன்ஸ் லாஸ்கரும் வால்டர் பார்க்ஸும் ஒரு கட்டத்தில், கதையின் அடிப்படையே நம்பத்தகாததாகிவிடுமோ என்று அஞ்சி ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் வில்லிஸ் வேரை அணுகினர். பலர் ஒரே கணினியைத் தொலைவிலிருந்து பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கினால் இரகசியங்களைக் காப்பது இயலாமற்போகும் என்று 1967இலேயே ஆய்வுரை எழுதி எச்சரித்தவர் அவர். அந்த வான் பாதுகாப்புக் கணினியின் மென்பொருள் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. வெளியுலகத் தொடர்பில்லாத மூடிய அமைப்பாக அது இருக்க வேண்டும் என்றாலும், வார இறுதியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விரும்பும் அதிகாரிகளுக்காக ஒரு வாசல் திறந்துவைக்கப்படுவதுண்டு, சரியான எண் கிடைத்தால் எவரும் நுழையலாம் என்று அவர் அவர்களுக்கு விளக்கினார். ஆக, எச்சரிக்கை அரசின் ஆய்வு வட்டத்திலிருந்து கிளம்பி, பதினாறு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, திரையரங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. வெஸ்ஸிக்கு ஒரே வாரத்தில் விடை கிடைத்ததற்கும் இதுவே காரணம். அந்த விடையை அறிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

சட்டமியற்றியவர்களிடமும் இப்படம் போய்ச் சேர்ந்தது. காங்கிரஸ் விசாரணை ஒன்றில் அதன் காட்சிகள் திரையிடப்பட்டன. 1984ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்துக்கான பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை, கணினிகள் தொலைபேசி எண்களைத் தானாகச் சுழற்றி ஊடுருவும் திறனை யதார்த்தமாகக் காட்டும் படம் என்று அதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அச்சட்டம் 1986இல் விரிவாக்கப்பட்டு, இன்றும் அமெரிக்காவில் கணினி ஊடுருவல் வழக்குகளின் அடிப்படையாக நிற்கிறது. அதன் சொற்கள் அளவுக்கு மீறி அகலமாக இருந்ததால், அனுமதி வரம்பை மீறிப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல்தான் குறுக்கி விளக்க நேர்ந்தது. ஆணை 145க்கும் எதிர்ப்பு வந்தது. ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட தேசியப் பாதுகாப்பு முகமைக்கு அது குடிமைத் துறைக் கணினிகளின் மீதும் அதிகாரம் கொடுத்துவிட்டது என்று கருதிய காங்கிரஸ், 1987இல் தனிச் சட்டம் இயற்றி அப்பொறுப்பைத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்துக்கு மாற்றியது. படம் எழுப்பிய கேள்வி சரியானது. அந்த அவசரத்தில் எழுதிய விடையைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆயின.

அதே 1983இல் ரீகனைப் பாதித்த இன்னொரு படமும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரை மையமாக வைத்து, அணு ஆயுதத் தாக்குதலுக்குப் பிறகு சாதாரண மக்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டிய ‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படம் அது. அக்டோபர் 10 அன்று முன்கூட்டியே அதைப் பார்த்த ரீகன், தம்மை அது மிகவும் மனச்சோர்வுக்கு உள்ளாக்கியதாக நாட்குறிப்பில் எழுதினார். நவம்பர் 20 அன்று ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தனர். ஒளிபரப்பு முடிந்த கையோடு வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அதே அலைவரிசையில் தோன்றி அரசின் நிலைப்பாட்டை விளக்கினார் என்பதிலிருந்தே அரசு எவ்வளவு பதறியது என்பதை ஊகிக்கலாம்.

ஆனால் 1987 டிசம்பரில் கையெழுத்தான நடுத்தூர ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் இப்படத்தின் பயன் என்று சொல்வதை நான் ஏற்கத் தயங்குகிறேன். படம் ஒளிபரப்பான அதே வாரத்தில் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகளைத் தன் மண்ணில் நிலைநிறுத்த ஒப்புதல் தந்தது, சோவியத் தரப்பு ஜெனீவாவில் நடந்த ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியது. ரீகன் எந்தத் திட்டத்தையும் கைவிடவில்லை. அணு ஆயுதங்கள் மீதான அவருடைய வெறுப்பு படத்துக்கு முந்தையது. அதே நவம்பரில் நேட்டோ நடத்திய ஒரு பயிற்சியை மாஸ்கோ உண்மைத் தாக்குதலின் தொடக்கமாக எண்ணி அஞ்சியது என்ற உளவுத் தகவல் பின்னர் வந்து சேர்ந்தது. 1985இல் சோவியத் ஒன்றியத்தில் கொர்பச்சோவ் ஆட்சிக்கு வந்தார். இத்தனை காரணங்களுக்கு நடுவே படத்துக்கும் ஓரிடம் உண்டு, அவ்வளவுதான். ‘வார் கேம்ஸ்’ நிகழ்வில் கேள்வி கேட்ட நாள், விடை வந்த நாள், ஆணை வந்த நாள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றன. இங்கே அப்படியொரு கோடு இல்லை.

அதிபர் நிக்சன் 1970 ஏப்ரலில், கம்போடியாவுக்குள் படை அனுப்ப முடிவெடுத்த நாட்களில், இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஒருவரைப் பற்றிய ‘பேட்டன்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதும் உண்மைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு போர் முடிவை ஒரு படத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. தயங்காத தளபதியின் உருவம் அவருக்குத் தேவைப்பட்டது, அதைத் தேடிப்போய்ப் பார்த்தார் என்று கொள்வதே முறை.

தலைவர்களை விட்டுக் கீழ்நிலை அதிகாரிகளைப் பார்த்தால் செல்வாக்கின் தன்மை மாறுகிறது. 2001 நவம்பரில் தொடங்கிய ‘24’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், வெடிகுண்டு வெடிக்கப் போகிறது, நேரம் குறைவு, கைதியைச் சித்திரவதை செய்தால் உண்மை வெளிவரும் என்ற சூழல் மீண்டும் மீண்டும் வரும். சித்திரவதையும் பெரும்பாலும் பலன் தரும். குவாண்டனாமோ தடுப்பு முகாமில் விசாரணை முறைகளை 2002இல் ஆலோசித்தபோது அங்கிருந்தவர்களுக்கு அத்தொடர் நிறைய யோசனைகளைக் கொடுத்தது என்று முகாமின் சட்ட ஆலோசகராக இருந்த டயான் பீவர் பின்னாளில் கூறினார். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் கல்விப்புல முதல்வர் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், அனுபவமிக்க விசாரணையாளர்கள் சிலரோடு 2006 நவம்பரில் கலிஃபோர்னியாவுக்கே சென்று தொடரின் தயாரிப்புக் குழுவைச் சந்தித்தார். போர்ச் சட்டத்தை வகுப்பில் கற்பிக்கும்போது, தொடரில் இதே செயலை நாயகன் நாட்டுப்பற்றோடு செய்கிறானே என்று மாணவர்கள் கேட்கிறார்கள் என்பது அவருடைய கவலை. சித்திரவதை பலன் தராமல் போவதையும் காட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா 2007இல் ஒட்டாவாவில் நடந்த ஒரு கருத்தரங்கில், அத்தொடரின் நாயகனைத் தண்டிப்பீர்களா என்று வாதிட்டதும் பதிவாகியுள்ளது. கற்பனைப் பாத்திரம் ஒன்று சட்ட வாதத்தில் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்படுவதைவிட வெளிப்படையான செல்வாக்கு வேறென்ன இருக்க முடியும்?

மக்களின் நம்பிக்கை வழியாகக் கொள்கை கட்டுண்டதற்கு வியட்நாம் போர்க்கைதிகள் பற்றிய படங்கள் சிறந்த எடுத்துக்காட்டு. 1973இல் பாரிஸ் உடன்பாட்டுக்குப் பின் 591 அமெரிக்கக் கைதிகள் நாடு திரும்பினர். இன்னும் பலர் அங்கே உயிரோடு அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்ற நம்பிக்கை, காணாமற்போனோரின் குடும்பங்களிடையே அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1983இல் ரீகன் அரசு அவர்களைப் பற்றிய உண்மையைக் கண்டறிவதைத் தேசத்தின் தலையாய கடமையாக அறிவித்தது. அதே காலத்தில் ‘அன்காமன் வேலர்’, ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’, இரண்டாவது ‘ராம்போ’ என்று அடுத்தடுத்து வந்த படங்கள், காட்டுக்குள் மூங்கில் கூண்டில் அடைபட்ட கைதியையும், அவனைக் கைவிட்ட வாஷிங்டன் அதிகாரியையும் கண்முன் நிறுத்தின. நம்பிக்கைக்கு உருவம் கிடைத்துவிட்டது. உருவம் கிடைத்த நம்பிக்கையை அரசின் மறுப்பறிக்கைகளால் அசைக்க முடியவில்லை. கைதிகளைக் கைவிட்டதை மூடிமறைக்கத்தான் மறுக்கிறார்கள் என்று படமே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், மறுப்பே சான்றாகிப்போனது. ஜான் கெர்ரி தலைமையில் செனட் சிறப்புக் குழு ஒன்று 1991 முதல் விசாரித்து, எவரும் உயிரோடு சிறையில் இருப்பதை மெய்ப்பிக்கும் வலுவான சான்று இல்லை என்று 1993 ஜனவரியில் அறிக்கை அளித்த பிறகே, வியட்நாம் மீதான வணிகத் தடை 1994 பிப்ரவரியில் நீங்கியது. தூதரக உறவு 1995 ஜூலையில் ஏற்பட்டது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. கம்போடியாவில் வியட்நாமியப் படை இருந்தது அவற்றில் முதன்மையானது. அப்படை 1989இல் வெளியேறிய பின்னும் பல ஆண்டுகள் நீடித்த இழுபறியில் இப்படங்களின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

இனி இராணுவம் தானே செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு வருகிறேன். முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த படமாகத் தேர்வான ‘விங்ஸ்’ 1927இல் அமெரிக்க இராணுவத்தின் விமானங்களையும் வீரர்களையும் பயன்படுத்தியே எடுக்கப்பட்டது. இன்று இதற்கென்று பாதுகாப்புத் துறையில் அலுவலகமும் எழுதப்பட்ட விதிமுறைகளும் உள்ளன. தயாரிப்பாளர் திரைக்கதையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். துறை சொல்லும் திருத்தங்களுக்கு இணங்க வேண்டும். படப்பிடிப்பில் இராணுவ ஆலோசகர் உடனிருப்பார். வெளியீட்டுக்கு முன் படத்தைத் திரையிட்டுக் காட்ட வேண்டும். கைம்மாறாக, எந்தத் தயாரிப்பு நிறுவனத்தாலும் சொந்தமாக வாங்க முடியாத விமானந்தாங்கிக் கப்பலும் போர் விமானங்களும் செலவுத் தொகைக்கே கிடைக்கும். யார் வாயையும் அடைக்காமலேயே கதையின் போக்கை மாற்றும் ஏற்பாடு இது. அதிகாரி ஒருவரைக் கொல்ல இன்னொரு அதிகாரியை இராணுவமே அனுப்புவதாகக் கதை அமைந்ததால் ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்துக்கு உதவி மறுக்கப்பட்டது. இயக்குநர் கப்போலா பிலிப்பைன்ஸ் படையின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். கிளர்ச்சியாளர்களோடு சண்டை மூண்டபோதெல்லாம் அவை படப்பிடிப்பின் நடுவிலேயே பறந்துபோயின. ‘இன்டிபென்டன்ஸ் டே’ படத்திலிருந்து ஏரியா 51 என்ற இரகசியத் தளத்தை நீக்கக் கேட்டு, தயாரிப்பாளர்கள் மறுத்ததால் அதற்கும் உதவி கிட்டவில்லை. வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் கதையில் பாதுகாப்புத் துறைக்கு மிகவும் உறுத்தியது அந்த இடம்தான்!

அமெரிக்கக் கடற்படை விமானிகளைக் கதையாக்கி 1986இல் வந்த ‘டாப் கன்’ பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அப்படத்தால் கடற்படையில் சேர்ந்தோர் எண்ணிக்கை 500 சதவீதம் உயர்ந்தது என்று எங்கும் எழுதப்படுகிறது. அந்த எண்ணுக்கு நம்பத்தக்க மூலம் கிடையாது. அவ்வாண்டின் ஆள்சேர்ப்புக் கணக்கில் தெரிவது சில சதவீத உயர்வே. சில திரையரங்குகளின் வாசலில் கடற்படை ஆள்சேர்ப்பு மேசை போட்டது உண்மை. படைவீரர்களுக்குள் காதல் உறவு விதிமீறல் என்பதால் நாயகியின் பாத்திரம் படையில் பணிபுரியாத சிவிலியனாக மாற்றப்பட்டதும் உண்மை. எண்ணிக்கையில் காட்ட முடியாத வேறொரு விளைவையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். வியட்நாம் தோல்வியின் கசப்பு இன்னும் ஆறாத சமூகத்தில், போரின் காரணத்தையோ எதிரி யார் என்பதையோ சொல்லாமலேயே, கருவியின் அழகும் வீரனின் திறமையும் மட்டும் நிறைந்த ஒரு படை உருவத்தை அது நிலைநாட்டியது. பாதுகாப்புச் செலவுக்கு வாக்களிக்கும் உறுப்பினரும் அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளரும் அந்த உருவத்தைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்.

கொள்கை படத்தை ஆட்டிவைப்பது இதனினும் பழைய கதை. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் எடுத்த ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’, 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் படையெடுப்பாளர்களை ரஷ்யர்கள் முறியடித்ததைக் கொண்டாடியது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லருடன் உடன்பாடு செய்ததும் அது திரையரங்குகளிலிருந்து காணாமற்போனது. 1941 ஜூனில் ஹிட்லர் படையெடுத்ததும் மீண்டும் திரைக்கு வந்தது. 1942இல் நெவ்ஸ்கி பெயரால் இராணுவப் பதக்கம் ஒன்று நிறுவப்பட்டபோது, அந்த 13ஆம் நூற்றாண்டு இளவரசனின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால், படத்தில் அவனாக நடித்த நிக்கலாய் செர்காசோவின் முகமே அதில் பொறிக்கப்பட்டது.

இன்றைய நிலையில் சீனாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2017இல் பெருவெற்றி பெற்ற ‘உல்ஃப் வாரியர் 2’ என்ற போர்ப் படத்தின் பெயரே, பதிலடி மொழியில் பேசும் சீனத் தூதர்களின் பாணிக்குச் செய்தியுலகில் பெயராகிவிட்டது. அப்பாணியை உருவாக்கியது படமன்று. பெய்ஜிங்கின் புதிய தன்னம்பிக்கையின் இரு வெளிப்பாடுகள் அவை. அமெரிக்கத் தரப்பில், சீனத் தணிக்கையின் கோரிக்கைக்கு இணங்கி உள்ளடக்கத்தை மாற்றும் படங்களுக்குப் பாதுகாப்புத் துறை உதவி செய்யக் கூடாது என்ற பிரிவு 2023 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. திரைக்கதையைத் திருத்தும் உரிமையை ஓர் அரசு தனக்கு வைத்துக்கொண்டு இன்னோர் அரசுக்கு மறுப்பதில் உள்ள முரண்பாட்டைச் சட்டமியற்றியவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அண்மைய நிகழ்வு ஒன்று, படம் அரசுக்குள் எப்படிப் போய் இறங்குகிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது. 2025இல் காத்ரின் பிக்லோ இயக்கிய ‘எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்’ படத்தில், சிகாகோவை நோக்கி வரும் அணு ஏவுகணையை இடைமறிக்கும் முயற்சி தோற்கிறது. இடைமறிப்பான்களின் வெற்றி வாய்ப்பு 61 சதவீதம் என்று பாத்திரம் ஒன்று சொல்கிறது. இதைத் தொடர்ந்து அமெரிக்க ஏவுகணைப் பாதுகாப்பு முகமை, அதிகாரிகளுக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்பொன்றில், பத்தாண்டுக்கும் மேலாக எங்கள் சோதனைகள் நூறு சதவீதம் வெற்றி பெற்றுள்ளன என்று மறுத்தது. 1999 முதல் நடந்த எல்லா இடைமறிப்புச் சோதனைகளையும் எண்ணினால் வெற்றி பாதிக்குச் சற்று மேல்தான். முகமை எண்ணத் தொடங்கிய புள்ளிக்குப் பின் நடந்தவை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில சோதனைகளே, அவையும் முன்கூட்டித் திட்டமிட்ட சூழலில் நடந்தவை. எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இரு கணக்குகளுக்கும் ஆதாரம் காட்டலாம். பல ஆண்டுகளாகத் தணிக்கை அறிக்கைகளிலும் அறிவியலாளர்களின் கட்டுரைகளிலும் கிடந்த இந்தச் சர்ச்சைக்கு, கற்பனைக் கதையின் ஒரு வசனம் பொதுவெளியில் பதில் சொல்லும் கட்டாயத்தை ஏற்படுத்தியிருக்கிறது. அந்தக் கட்டாயம் திட்டத்துக்கான நிதி ஒதுக்கீட்டை மாற்றுமா என்பது, அடுத்தடுத்த ஆண்டுகளின் விசாரணைகளில் காங்கிரஸ் உறுப்பினர்கள் எந்தக் கணக்கைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.